அரிசி டப்பா மேல் ஒரு பீடிக்கட்டு

ஜெயம்மா,

நேற்று வீட்டு ஜெபத்தில் இருந்தவர்கள் பாஸ்டர், உன் தம்பி இருசப்பன், நீ, நான். பாஸ்டர் என் தலையில் கை வைத்து, பீடிப் பேய் ஓடிவிட்டது என்றார். "போன பேயி பீடிக்கட்டையும் எடுத்துக்கினு போச்சா, மாமா?" என்று இருசப்பன் சிரித்தான். நீ அவனை அடிக்கப் போனாய்.

அவன் கேட்டது சரிதான். ஆசை அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, விடுதலையாகிவிட்டேன் என்று சாட்சி சொல்ல மாட்டேன். "காலேஜ பாதியில வுட்ட மாதிரி கர்த்தரையும் வுட்டுடுவீங்களா?" என்று கேட்டாய். விடவில்லை. அவர் முன்னால் பொய் சொல்லப் பயமாக இருக்கிறது.

மறியலில் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டதால் நம் வாசலில் நிற்கிற லாரிக்காரர், நீ சோறு போட்டதற்காக மதியம் ஒரு கட்டு பீடி கொடுத்தார். வாங்கிவிட்டேன். அரிசி டப்பா மேல் இருக்கிறது, பிரிக்கவில்லை. வெளியே எறிந்தால் திரும்பப் போய்ப் பொறுக்குவேன். இனி ஒரு தடவை கையால் தொட்டால் ஒன்றை உருவுவேன். நீ களையெடுத்துவிட்டு வந்ததும் அடுப்பில் போடு.

பஸ் ஓடவில்லை. நைட் ஷிப்டுக்கு ஆலைக்கு நடந்தே போகிறேன். ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிடு.

காலையில் திரும்பி வரும்போதுதான் ஆசை ஜாஸ்தி. விழித்திரு. ஜெபம் பண்ணு. பக்கத்தில் உட்கார்.

இன்னொன்று. உன் சாவி உன்னிடம் இருக்கிறது. என்னிடம் சாவி இருந்தால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேன். கதவைச் சாத்திப் பூட்டி, என் சாவியைச் சன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டுப் போகிறேன்.