ஜெர்பரா வேரில் முடிச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வரியாவது எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஜெர்பரா நன்றாகப் பூக்கிறதா என்று கேட்டிருந்தாய். அதில்தான் பெரிய கூத்து. மூன்றாவது பாத்தியில் பூக்காம்பு விரல் நீளத்தைத் தாண்டவில்லை, இலை வெளுத்து, உச்சி வெயிலில் செடியெல்லாம் துவண்டு படுத்துவிடும், மண்ணைத் தொட்டால் ஈரம். அப்பாதான் தண்ணீரைக் கொட்டி வேரை அழுக வைக்கிறார் என்று நான் வாய்க்கு வந்தபடி பேச, அவர் குழாயை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் நானே பார்த்துப் பார்த்து ஊற்றினேன், அப்போதும் துவண்டது. கீழே என்னதான் நடக்கிறது என்று ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. ஈரத்துணியில் சுற்றித் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே பயிர் நோய் பார்க்கும் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், ஒரு முடிச்சைக் கீறி நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். நூல் துணுக்கு மாதிரி ஒன்று நெளிந்தது. நூற்புழுவாம். வாயில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறது, அதால் வேரைத் துளைத்து உள்ளே போய், பெண் புழு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேரிக்காயாக ஊதி நூற்றுக்கணக்கில் முட்டை போடுமாம். வேர் வீங்கினால் தண்ணீர் எப்படி மேலே ஏறும்? அதற்குக் கண் உண்டா, எவ்வளவு தூரம் போகும் என்று நான் கேட்ட கேள்வியில் அவள் காபி ஆறிப்போனது. தானாக நகர்ந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று அடிதான், கன்றோடும் மண்வெட்டியோடும் நாம்தான் சுமந்து போகிறோம் என்றாள்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு நினைவு வந்தது. போன வருஷக் கடைசியில் அந்தப் பாத்தியிலிருந்துதான் அறுபது கன்று பிரித்து உன் சித்திக்குக் கொடுத்தேன். வேலை போனபிறகு அவள் நம்பி இறங்கிய முதல் தோட்டம். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பஸ்ஸில் ஒரு நிமிஷம் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நேரே அவளிடம்தான் போனேன். எல்லாம் சொல்லி முடித்ததும் அவள் ஒரு செடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினாள், இரண்டு முடிச்சு இருந்தது. செடியைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த வாரம் இதுல பாதியப் பிரிச்சு பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுக்கறதா சொல்லியிருந்தேன்க்கா. நல்லவேளை, நீ வந்தே" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பா, சித்தி, நான் மூவருமாக இரண்டு இடத்திலும் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம். இப்போது மண்மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறது, ஆறு வாரம் வெயிலில் வேக வேண்டும், பிறகு ஒரு பருவம் முழுக்கச் செண்டுமல்லி நட வேண்டும், அதன் வேர் இந்தப் புழுவுக்கு ஆகாதாம். முழுக்கப் போய்விடாது, குறையும் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் தப்பு என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டேன், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஊருக்கு வரும்போது கன்று கேட்காதே, விதை தருகிறேன். செருப்பைக் கழுவிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் காலை வைக்க வேண்டும், நீயானாலும் சரி.

ஆசிகளுடன்,
உன் அம்மா