கட்டிலுக்குக் கட்டில் பெனிசிலின்

6 மார்ச் 1949, அரியலூர்

இன்று டாக்டரிடம் நான் சொல்லாதது: "கையைக் கழுவிட்டு அக்காவைத் தொடுங்க."

எதிர்க் கட்டில் பெண்ணின் சீழ்க்கட்டைத் துடைத்த கையோடு வந்து, அக்கா லீலா மேரியின் மார்பை அழுத்திப் பார்த்தார். பிறகு கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். சுத்தத்துக்குக் குறைவில்லை.

அக்கா பிரசவத்துக்கு இங்கே வந்தபோது நல்ல உடம்பு. வீட்டில் பெற்றால் கிருமி வரும் என்று மச்சான் செல்வநாதன்தான் வரதராசன்பேட்டையிலிருந்து வண்டி கட்டிக் கூட்டிவந்தார். பிள்ளை சுகம். அக்காவுக்கு மார்பில் வீக்கம், சீழ், காய்ச்சல். இந்த வார்டில் மூன்றாவது தாய். வீடு தேடி வரும் சிரமம் கிருமிக்கு மிச்சம்.

8 மார்ச்

பெனிசிலின் தொடங்கியாயிற்று. மச்சான் குப்பியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

11 மார்ச்

காய்ச்சல் இறங்கவில்லை.

இங்கே ஒரு தர்மம் நடக்கிறது. ஒருத்திக்குக் காய்ச்சல் தணிந்ததும் ஊசியை நிறுத்தி, மிச்ச மருந்தை அடுத்த கட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கல்லூரியில் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் படித்தது நினைவு வந்தது. கிருமிக் கூட்டத்தில் சிலவற்றுக்கு மருந்தையே அழிக்கும் குணம் பிறவியிலேயே உண்டு. அரைகுறை மருந்தில் மற்றவை சாகும். இவை தப்பிப் பெருகும். குணம் வாரிசுகளுக்குப் போகும். நம் குடும்பங்களைப் போலத்தான் — பாகப்பிரிவினை வழக்கு மட்டும் இல்லை. அக்காவிடம் இருப்பவை எதிர்க் கட்டிலில் தப்பியவற்றின் வாரிசுகளோ?

மச்சானிடம் சொன்னேன். "டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுட்டுதா? சும்மா இரு புள்ள."

12 மார்ச்

அக்காவுக்குக் குளிர் நடுக்கம். பிள்ளையை ஏந்தக் கையில் வலு இல்லை. நான் ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்? மரியாதையா? அவ போயிட்டா அந்த மரியாதையை வச்சு என்ன பண்றது?

13 மார்ச்

சொல்லிவிட்டேன்.

"ஊசிக்கு இது அடங்கலீங்க டாக்டர். மருந்துக்குத் தப்பிச்ச கிருமியோட பிள்ளைங்க இதுங்க. கீறிச் சீழை எடுத்துடுங்க."

"கல்யாணமே ஆவாத பொண்ணு, கிருமிக்குப் பிரசவம் பாக்குது!" என்றார். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

கட்டிலிலிருந்து அக்காவின் குரல்: "நான் பெத்தவதானே டாக்டர்? நான் சொல்றேன். கீறுங்க."

சிரிப்பு நின்றது. கீறினார். ஒரு கிண்ணம் சீழ்.

24 மார்ச், வரதராசன்பேட்டை

காய்ச்சல் விட்டு வீடு வந்துவிட்டோம். அக்காவுக்கு ஒரு பக்கம் பால் இல்லை. பிள்ளை மறு பக்கத்தை வைத்துச் சமாளிக்கிறான். பெனிசிலின்தான் காப்பாற்றியது என்றாராம் டாக்டர். மச்சான் அவருக்கு ஒரு தார் பூவன்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கும் ஒரு பழம் கிடைத்தது.

9 ஏப்ரல்

மச்சான் அரியலூர் போய்வந்தார். அக்கா படுத்திருந்த அதே கட்டிலில் அக்காவுக்குப் பிறகு வந்து படுத்த காத்தாயி என்ற பெண் இறந்துவிட்டாள். அதே சீழ்க்கட்டு. கடைசிவரை ஊசி போட்டார்களாம். கீறவில்லை.