தோளில் நின்ற மண்டபம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் துளசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் லக்ஷணாவும் அந்த ஆஸ்லோ குளிரில் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மண்டகப்படி என்றால் என்ன பாட்டி என்று லக்ஷணா போனில் கேட்டாளே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் மீட்டிங் என்று ஓடிவிடுவாய். மேலும் இது ஜெயித்தவள் எழுதும் கடிதம், நிதானமாகத்தான் எழுதுவேன்.

கால்வாய் வேலைக்காக நம் தெரு மண்டபத்தை இடித்தது உனக்குத் தெரியும். இந்தப் பங்குனித் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியபோது, புதுச் செயலாளர் விமல்ராஜ், அதுதான் முனையில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறாரே அவர், இனிமேல் அம்மன் நம் தெருவில் நிற்காது, தன் மண்டபத்தில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார். மண்டபமே இல்லாத தெருவுக்கு இன்னாமா மண்டகப்படி, பேர்லயே மண்டபம் இருக்குதே என்று சிரித்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. உன் தாத்தா காலத்திலிருந்து அம்மன் நின்று போகும் தெரு, இந்த வருஷம் நிற்காமல் போனால் இனி எந்த வருஷமும் நிற்காது. நான் எழுந்து கேட்டேன், பேரில் மண்டபம் மட்டுமா இருக்கிறது, படி என்று ஒன்றும் இருக்கிறதே, அது எங்கே போயிற்று என்று. நீ இங்கே வேலையில் இருந்தபோது பயணப்படி வாங்கினாயே, அந்தப் படிதான் இது. இன்னதற்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைப்பது. அம்மன் இறங்கி இளைப்பாறும்போது அவளுக்கென்று ஊர் ஒதுக்கிப் படைப்பதுதான் மண்டகப்படி. எழுந்தருளுவது என்றால் அவளே எழுந்து நம்மைத் தேடி வந்து அருளுவது, தேடி வருகிறவளை உங்கள் ஹாலுக்குள் கொண்டுபோய் அடைப்பீர்களா என்றும் கேட்டேன். கடைசியில் விமல்ராஜே, சரி, நாலு கால் நட்டுக் காட்டுங்க, நின்னா நிக்கட்டும், இல்லாட்டி நேரா எங்க மண்டபம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு கால் நமக்குப் பெரிய காரியமா? தறிக்குப் பாவு நூல் நீட்டிக் கட்டும் மூங்கில் கழிகளை எடுத்து, மணல் நிரப்பிய டின்களில் நட்டோம். மேலே விதானமாக, தறியிலிருந்து அப்போதுதான் அறுத்து இறக்கிய அரக்குப் பட்டு. அளவெடுக்கும் வேலையை உன் அப்பாவிடம் விட்டேன். அவரும் பல்லக்குக் கொட்டகைக்குப் போய் முழம் போட்டு அளந்து வந்தார், நானும் நம்பினேன்.

அம்மன் மேளதாளத்தோடு வருகிறாள், தெருவே கும்பிட்டு நிற்கிறது, பல்லக்கு உள்ளே நுழையப் போகிறது, மேலே கலசம் போய் விதானத்தில் முட்டுகிறது! என்னங்க அளந்தீங்க என்று கத்தினேன். அந்த மனுஷன் சொல்கிறார், நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், புடவைக்கு உயரம் ஏதுடி என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடுத்தெருவில் கலசத்தைக் கழற்ற முடியாது என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். விமல்ராஜ் கையைக் காட்டி, பல்லக்க திருப்புங்கப்பா, நம்ம மண்டபத்துக்கு என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ பலம், விதானம் உயரட்டும் என்று ஒரு கழியை டின்னிலிருந்து பிடுங்கித் தோளில் வைத்தேன். எதிர் வீட்டு எல்லம்மாள் இன்னொன்றைத் தூக்கினாள், அப்பா மூன்றாவதைப் பிடித்தார். நாலாவதற்கு ஆள் வருவதற்குள் அந்தப் பக்கம் விதானம் சாய்ந்து அம்மன் மேலேயே விழப் பார்த்தது. பாய்ந்து வந்து பிடித்தது யார் தெரியுமா? விமல்ராஜ்! புட்ச்சிக்கினேன், நீங்க தூக்குங்கம்மா என்று கத்துகிறார். நாலு பேரும் தோளில் தாங்கி நின்றோம், அம்மன் நிதானமாக உள்ளே வந்து நின்றாள். படையல், தீபாராதனை எல்லாம் முடிகிற வரைக்கும் நாங்கள்தான் மண்டபம். எனக்குக் கண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை இல்லை.

பரிவட்டம் யாருக்கு என்று அர்ச்சகர் கேட்டார். அம்மன் உடுத்திய துணியைத் தலையைச் சுற்றிக் கட்டும் மரியாதை அது, நம் தெருவில் ஆண்களுக்குத்தான் கட்டி வந்தார்கள். அப்பா கழியைப் பிடித்துக்கொண்டே, எனக்கு வேணாம் சாமி, உயரத்தை வுட்டுட்டு வந்தவன் நான், அவளுக்குக் கட்டுங்க என்றார். வேண்டாம் என்று விமல்ராஜ்கூடச் சொல்லவில்லை. கட்டினார்கள் துளசி, உன் அம்மா தலையில் கட்டினார்கள். தெருவே குலவை போட்டது.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, குறை ஒன்றும் இல்லாமல் வாழ வேண்டும். லக்ஷணாவுக்குத் தலைக்கு எண்ணெய் வை, வெறும் ரொட்டியைத் தின்று வேலைக்கு ஓடாதே. எல்லம்மாளுக்கு அடுத்த பங்குனிக்குள் முழங்கால் ஆபரேஷன், அதனால் அவள் பிடித்த மண்டபக் காலுக்கு உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதே லீவு கேட்டு வை. உயரத்தை அடுத்த தடவை நானே அளக்கிறேன்.

தோள் வலியோடும் தலை நிமிர்வோடும்,
உன் அம்மா
கிருஷ்ணவேணி பரசுராமன்