படைக்காத பொங்கல்

பெற்றீசியா அப்பாவுக்கு,

பிள்ளை பெற்றீசியாவோடு மாதா கோயில் பூசைக்குப் போகிறேன். சட்டியில் பொங்கல் இருக்கிறது, சாப்பிடுங்கள்.

சாமிக்குப் படைத்ததை நாம் சாப்பிடக் கூடாது என்று நேற்றுப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த மாரியம்மன் திருவிழாப் பொங்கலைத் திருப்பி அனுப்பினேன். "அக்கம்பக்கத்தைப் பகைச்சுக்கிட்டு என்னடி வேதம் வேண்டிக் கெடக்கு?" என்று கத்தினீர்கள். இன்று காலையில் அந்தப் பக்கத்து லயக் காம்பரா வீட்டுக் காளியாயி அக்காவே வந்தார். "ஒங்களுக்குன்னு தனியா பொங்கினேன் தங்கச்சி. மாரியம்மனுக்குப் படைக்கல, பயப்படாம சாப்பிடுங்க" என்றார். இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டேன். இன்றைய பூசையில் என் முதல் நன்றி அவருக்காகத்தான்.

அவர் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கூடையில் இருக்கும் போஞ்சிக் காயைப் போட்டுக் கொடுங்கள்.

சவரியம்மா

சாப்பிடுமுன் சிலுவை போடுங்கள். நான் இல்லாத நாளில் நீங்கள் போடுவதில்லை என்று என்னிடம் சொன்னவரும் காளியாயி அக்காதான்.