ஷாரோவுக்கு ராக்கியா வேண்டாம்

ஒப்ரென்,

சந்தைக்குப் போகிறேன். பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. ஷாரோவை வீட்டுக்குள் விட்டிருக்கிறேன். லிண்டன் மரங்கள் பூத்து முடியும்வரை அதைத் தேனீப் பெட்டிகள் பக்கம் விடாதே.

காய்ச்சலுக்கு ராக்கியா, மூட்டுவலிக்கு ராக்கியா, சரி. உண்ணி போகவென்று நாய்க்குமா தேய்ப்பாய்? சாராய வாடை பட்டால் தேனீ வெறிகொள்ளும் என்று உனக்குத் தெரியாதா? நேற்று திட்டியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கமாட்டேன்.

ஆனால் சட்டையைக் கழற்றி நாயைப் போர்த்தி, வெற்று முதுகில் அத்தனை கொட்டுகளையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாயே! வந்ததும், "நாய்க்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாய். முப்பது வருஷமாக உன்னோடு குப்பை கொட்டுகிறேன். இப்படி ஓர் ஆளைக் கட்டியிருக்கிறேன் என்று நேற்றுதான் தெரிந்தது.

ருஷா

களிம்பு நான் வந்து தடவுகிறேன். அதுவரை மல்லாந்து படுக்காதே.

உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். ஷாரோ அதன்மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தே உறுமுகிறது. விட்டுவிட்டேன்.