புடலைக் குழி

அன்று கொல்லையில் நின்றவர்கள் நாலு பேர். மாமியார் அந்தோணியம்மாள், அடுத்த வீட்டுச் சவேரியம்மாள், நான், நீ. வெள்ளைக்காரன் போன மறு மாசி. விபூதிப் புதன் பூசைக்குப் போய்வந்த சாம்பல் நாலு நெற்றியிலும் அழியாமல் இருந்தது.

நேற்று விதைப் பானையைக் கவிழ்த்தேன். விதையோடு ஒரு ஈயக்குண்டும் உருண்டு விழுந்தது. வலையில் கோக்கிற குண்டு. புடலங்காய் சுருளாமல் நேராக இறங்க, நீயும் நானும் அதன் வாலில் கட்டியது. நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. எனக்குப் பின் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், எனக்கு முன் போய்விட்டாய். இதிலும் நீதான் முந்தினாய்.

மாசியில் வெண்டை, சுரை, பாகல், புடலை போடுவது நம் வீட்டு வழக்கம். நாலு குழியையும் வெட்டியது நான். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது என்று கண்மாய் வண்டல் சுமந்துவந்து, ஆட்டுப் புழுக்கை கலந்து நிரப்பியதும் நான். மாமியார் விதை முடிப்பை அவிழ்த்ததும் கையை நீட்டினேன். எனக்குக் கல்யாணமாகி நாலு வருசம், பிள்ளை இல்லை. நீ வந்த வருசமே முழுகாமல் இருந்தாய்.

“நீ தள்ளி நில்லு. வயித்துப்பிள்ளைக்காரி போடட்டும்” என்றார் மாமியார். சவேரியம்மாள் வேறு பக்கம் பார்த்தாள். நீ குனிந்து போட்டாய்.

மூன்று குழி முளைத்தது. புடலை முளைக்கவில்லை. விரல் முழுக்க உள்ளே அமுக்கிவிட்டாய். அந்த விதை மேலாகக் கிடக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாது. ஒரு விடியற்காலை, பெரியபட்டினத்திலிருந்து என் அம்மா கொடுத்துவிட்ட விதையை அந்தக் குழியில் போட்டேன். நிமிர்ந்தால் கிணற்றடியில் வாளியோடு நீ. வந்து தண்ணீர் ஊற்றினாய்.

பாஸ்குத் திருநாள் கழிந்து முதல் காயை அறுத்த மாமியார், “சின்னவ கைராசியப் பாருங்க” என்று தெருவெல்லாம் காட்டிவந்தார். நீ தலையைக் குனிந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சாயங்காலம் புடலங்காய்க் கூட்டுக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தாய்.

“அக்கா, நீங்க போட்டதுன்னு சொன்னா கொடியோட புடுங்கி எறிஞ்சிருவாக.”

சரிதான். சரியென்று அன்றைக்கே தெரியும். ஆனால் கல்யாணமான ஆறாம் வருசம் எனக்கு மகன் பிறந்தான். மாமியாரே விதை முடிப்பை என் கையில் வைத்தார். அப்போதாவது நீ சொல்லியிருக்கலாம். “பெரியவளுக்குப் புடலை வராது” என்று அந்த ஒரு குழியை மட்டும் உனக்கே விட்டார். நீயும் போட்டாய், என்னைப் பார்த்துக் கற்றபடி மேலாக.

மாமியாரைக் கடைசி மூன்று மாதம் குளிப்பாட்டியவள் நான். அவர் மேல் இருந்த கோபம் அந்தத் தண்ணீரோடு போயிற்று. சவேரியம்மாள் மேல் இருந்ததையும் விட்டுவிட்டேன்.

நாளைக்கு விபூதிப் புதன். எதிர்வீட்டு மருமகளை வரச் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருசம், பிள்ளை இல்லை. புடலைக் குழியில் அவள்தான் விதை போடுவாள். காய்த்தால் அவள் கை என்று நானே தெருவெல்லாம் சொல்வேன்.

அன்று நின்றவர்களில் என் கோபத்துக்கு மிச்சம் நீ ஒருத்திதான். “அது அக்கா போட்டது” என்று சொல்ல உனக்கு எத்தனை மாசி கிடைத்தது! உன்னை நான் மன்னிக்கவில்லை, மேரித்தங்கம்.