முகம் நன்றாகத்தான் இருந்தது

பிஷ்கெக்
9 ஜனவரி 2019

அன்புள்ள முக்காஷ் சித்தப்பாவுக்கு,

நன்றி சொல்ல மட்டும் எழுதவில்லை. நன்றியும்தான். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அதை எப்படிக் கேட்பது என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சைக்கால். துராத்தின் மகள். அவர் சவப்பெட்டியில் வந்து மூன்று மாதம் கழித்துப் பிறந்தவள். பள்ளியைச் சூடாக்கும் கொதிகலன் அறை வாசலில் சாம்பல் வாளியோடு நீங்கள் நின்றால் மற்ற பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் நேராக வருவேன். உங்கள் மேல் இருந்தது அப்பாவின் கோட்டு. அதைப் பக்கத்தில் பார்ப்பதற்காக.

சனிக்கிழமை அம்மா எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பக்கத்து அறையிலிருந்து, வாட்ஸ்அப்பில். அப்படியே எழுதுகிறேன்:

'தாஷ்கோரோ கிராமப் பள்ளியில் கரி அள்ளிப் போடும் இந்த எளிய மனிதரைப் பாருங்கள். 1984இல் ஆப்கன் போரில் இறந்த தன் தோழன் துராத்தை இரண்டு நாள் முதுகில் சுமந்து பள்ளத்தாக்கைக் கடந்தவர். அந்நிய மண்ணில் விடமாட்டேன் என்றவர். இவரை யாருக்கும் தெரியாது. பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்.'

கீழே உங்கள் படம். கையில் மண்வாரி.

எங்கள் பத்திரிகையில் இப்படிப் பரவும் செய்திகளைச் சரிபார்ப்பது என் வேலை. போர்வீரர்களைப் பற்றியவை பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும். படம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது, பதக்கம் யாருடையதும் அல்ல. இதில் படம் உங்களுடையது. பெயர் என் அப்பாவுடையது. முதல் முறையாக, உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தபடி சரிபார்க்கிறேன்.

ஆப்கனிலிருந்து படைகள் திரும்பி முப்பது வருடம் நிறையும் நாளில், பிப்ரவரி 15, பள்ளிச் சுவரில் உங்கள் பெயரைக் கல்லில் பதிக்கப்போவதாகத் தலைமையாசிரியர் ஜாப்பார் சொன்னார். உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, போனில் பேச முடியாது என்றும் சொன்னார். அதனால் இந்தக் கடிதம்.

நடந்தது அதுதானா?

அன்புடன்,
சைக்கால்


தாஷ்கோரோ
16 ஜனவரி 2019

மகள் சைக்காலுக்கு முக்காஷ் எழுதுவது. நான் நலம். நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே பனி இடுப்பளவு. கரி ஈரமாக வந்திருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது.

கேட்டதற்குப் பதில். நடந்தது அது இல்லை. நான் போரைப் பார்க்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் கிடங்கில் மூட்டையும் பெட்டியும் ஏற்றி இறக்கியவன். உன் அப்பாவை உயிரோடு நான் பார்த்ததே இல்லை. அவருடைய பெட்டியோடு ஊருக்கு வந்தவன், அவ்வளவுதான். யாரையும் முதுகில் சுமக்கவில்லை.

ஜாப்பாரிடம் இதைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். "நல்லவங்க எல்லாம் இப்படித்தான் சொல்வாங்க முக்காஷண்ணே. நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கறோம்"னார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும் அவருக்கு. இந்த ஊரில் வேறு யாரும் கிடைக்கவில்லை.

அதற்கு மறுநாள் செய்தியில் ஒரு வரி சேர்ந்துவிட்டது. சத்துணவு சமைக்கும் பெண் எனக்குப் படித்துக் காட்டினாள். 'நேரில் கேட்டால் அப்படியொன்றும் நடக்கவில்லை என்பார், அத்தனை தன்னடக்கம்.' இனி நான் எத்தனை முறை மறுத்தாலும் அது அந்த வரிக்குத்தான் சாட்சி.

நீ பத்திரிகையில் இருக்கிறாய். பொய் என்று எழுது. நீ துராத்தின் மகள். நீ சொன்னால் நம்புவார்கள்.

முக்காஷ்


பிஷ்கெக்
22 ஜனவரி 2019

அன்புள்ள சித்தப்பா,

எழுதிவிட்டேன். ஐந்து வரி. ஆசிரியரிடம் இன்னும் கொடுக்கவில்லை.

ஐந்தாவது வரியில் நின்றுவிட்டேன். 'சுமக்கவில்லை, ஆனால் இறந்தவரைத் தன் கையால் குளிப்பாட்டிக் கூட்டிவந்தார்' என்று எழுதியிருந்தேன். ஊரில் எல்லோரும் சொல்வது அது. நான் பிறந்ததிலிருந்து கேட்பது. சரிபார்க்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம் கிடங்கில் இருந்தேன் என்கிறீர்கள். பெட்டிகள் அங்கே மூடித்தான் வரும் என்று இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈயம் வைத்து ஒட்டி, ஓரம் முழுவதும்.

குளிப்பாட்டியவருக்கு இறந்தவரின் உடை. அது நம் வழக்கம். அந்தக் கோட்டு உங்களுக்கு அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது.

எப்போது குளிப்பாட்டினீர்கள்? எங்கே?

வேலைக்காகக் கேட்கவில்லை.

சைக்கால்


தாஷ்கோரோ
30 ஜனவரி 2019

சைக்கால்,

இதை மூன்று முறை எழுதி அடுப்பில் போட்டேன். நாலாவது இது. இதை அனுப்புவேன்.

எனக்கு அப்போது இருபது வயது. தலாஸ்காரன். ஊர் மொழி தெரிந்தவன் என்று என்னைப் பெட்டியோடு அனுப்பினார்கள். கூட ஓர் அதிகாரி. அவருக்கு ஒரே ஒரு கட்டளை, பெட்டி திறக்கப்படக் கூடாது. லாரியின் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கணவாய் ஏறும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பெட்டிக்குள் ஏதோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டது. சின்னதாக, கனமாக. இறக்கத்தில் திரும்பி வந்தது. ஒரு ஆள் அப்படி உருள மாட்டான்.

ஊர் எல்லையில் ஆண்கள் வரிசையாகக் கழியை ஊன்றிக்கொண்டு ஓலமிட்டார்கள். நடுவில் கூடாரம். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்கள். உன் அம்மா அவர்களில் ஒருத்தி. வயிறு தெரிந்தது.

பெரியவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டும் என்றார்கள். குளிப்பாட்டாமல், கபன் துணி போர்த்தாமல், தகரப் பெட்டியோடு ஒருவனை எப்படி மண்ணில் வைப்பது, தொழுகை எப்படி நடத்துவது? அதிகாரி முடியாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருத்தர் கோடரி எடுத்துவந்தார். கைகலப்பாகும் போலிருந்தது. அப்போது உன் அப்பாவின் பெரியப்பா, சாமூதின், என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நம் ஆள் என்று தெரிந்துகொண்டார்.

"தம்பி, நீ முஸ்லிம் தானே?"

"ஆமா."

"இவன நீ உங்கையால குளிப்பாட்டினியா?"

இமாம் பக்கத்தில் நின்றார். ஒருவன் அப்படிச் சாட்சி சொன்னால் தொழுகை நடத்தலாம், கோடரி வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அந்தப் பெட்டி திறந்தால் உன் அம்மா என்ன பார்ப்பாள் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

"குளிப்பாட்டினேன்."

"மூணு தண்ணி?"

"மூணு தண்ணி."

கூடாரத்துக்குள் அழுகை நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், உன் அம்மாவுடையது என்று பிறகுதான் தெரியும், "மொகம் எப்படி இருந்துச்சு?" என்றது.

"மொகம் நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணி. தூங்கற மாதிரி."

இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானே சொன்னது.

அடக்கம் முடிந்தது. கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார்கள். வாங்காவிட்டால் பொய் வெளியே வந்துவிடும். வாங்கிக்கொண்டேன்.

மறுவருடம் படையிலிருந்து விடுதலையானதும் நேராக இங்கே வந்தேன். சொல்லத்தான் வந்தேன். உன் அம்மா போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் வாசம் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்று. நீ தரையில் தவழ்ந்தாய். என்னைப் பார்த்ததும் உன் அம்மா எழுந்து நின்று, "அவர் மொகத்தக் கடைசியாப் பாத்தவரு"ன்னு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். நான் டீ குடித்தேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். பள்ளியில் கரி தள்ள ஆள் வேண்டும் என்றார்கள்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கல்லாக இருக்கலாம். அவரில் மிஞ்சியதாகவும் இருக்கலாம். இதற்கு மேல் தெரிந்தது ஒன்றும் இல்லை.

முக்காஷ்


பிஷ்கெக்
4 பிப்ரவரி 2019

சித்தப்பா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பிறகு ஒரு சிறுமியின் புற்றுநோயைப் பற்றிய செய்தியைச் சரிபார்த்தேன். பொய். சிறுமி வேறு நாட்டுக்காரி, நலமாக இருக்கிறாள். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா பொரித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைதோறும் பொரிப்பவள் இப்போது தினமும் பொரிக்கிறாள். மாடிவீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து உங்கள் படத்தைக் காட்டுகிறாள். "ரெண்டு நாளு முதுகுல தூக்கிட்டு வந்திருக்கான். அப்ப குளிருல தனியாக் கெடக்கல அவரு." இதுவரை எழுபது பேருக்கு அனுப்பியிருக்கிறாள்.

நீங்கள் சொன்ன பொய் ஒன்றுதான். அதன்மேல் ஊர் ஒரு மாடி கட்டியது, ஜாப்பார் இன்னொரு மாடி. அம்மா குடியிருப்பது மேல்மாடியில்.

என் ஐந்து வரியை வெளியிட்டால் அம்மா கேட்பாள், சுமக்கவில்லை என்றால் எப்படி வந்தார் என்று. அதைச் சொன்னால் அடுத்ததைக் கேட்பாள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாதீர்கள். கல்லை வைத்துவிட்டுப் போகட்டும். ஒருநாள் நிற்க வேண்டும், அவ்வளவுதானே. அம்மா இருக்கும்வரை. முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டீர்கள்.

சைக்கால்


தாஷ்கோரோ
8 பிப்ரவரி 2019

சைக்கால்,

உன்மேல் கோபம் இல்லை. நீ கேட்டதை நானும் என்னிடம் தினம் கேட்டவன்தான்.

கல் வந்துவிட்டது. கொதிகலன் அறையில்தான் வைத்திருக்கிறார்கள், பனியில் வெடிக்காமல் இருக்க. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டால் சல்யூட் அடிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் கூட்டாளியை முதுகில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான், தவறி விழுந்து பல் உடைந்தது. அவனுடைய அம்மா என்னிடம் வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

குளிப்பாட்டினாயா என்று கிழவர்கள் என்னிடம் கேட்டபோது ஊருக்கு அது ஒரு நாள் வேலையாக இருந்தது. நானும் ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

உன் அப்பாவை யாரும் தேடவில்லை, மகளே. குளிப்பாட்டினேன் என்று நான் சொன்னதால் தேடவில்லை. அந்த வருடமே பெட்டியைத் திறந்திருந்தால், கல் என்றால், எங்கே எங்கள் பையன் என்று சாமூதின் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியிருப்பார். அப்போது கேட்டால் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதை அடைத்தது நான்தான். குளிரில் தனியாகக் கிடக்கவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். கிடக்கலாம். இன்னும் கிடக்கலாம்.

என் பேச்சை இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். உன் இஷ்டம்.

முக்காஷ்


பிஷ்கெக்
13 பிப்ரவரி 2019

சித்தப்பா,

தபாலில் போட்டால் நாளைக்குள் வராது. உங்கள் ஊர் வழியாக நாரின் போகும் மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்றைய பத்திரிகையும் உள்ளே இருக்கிறது. நான்காம் பக்கம், கீழே:

'தாஷ்கோரோ பள்ளி ஊழியர் முக்காஷ் தன் தோழரின் உடலைச் சுமந்து வந்ததாகப் பரவும் செய்தி உண்மையல்ல. அவர் போர்முனையில் இருந்ததில்லை. 1984இல் துராத்தின் பெட்டியோடு ஊருக்கு அனுப்பப்பட்டவர். பெட்டி மூடியே வந்தது, மூடியே புதைக்கப்பட்டது, உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இதை அவரே சொல்கிறார், அது தன்னடக்கம் அல்ல. எழுதுபவர் துராத்தின் மகள்.'

ஜாப்பார் மூன்று முறை கூப்பிட்டார். கடைசியில் எடுத்தேன். "உங்கப்பா பேரையே கெடுத்துட்டியேம்மா"ன்னார். விழா நடக்குமா என்று கேட்டேன். சிறப்பு விருந்தினர்களுக்கு ஆடு வெட்டியாகிவிட்டதாம், நடக்கும், கல்லில் யார் பெயர் என்று ராத்திரிக்குள் முடிவு செய்வார்களாம்.

அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். பத்திரிகையில் பார்ப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முதுகில் சுமந்தது பொய் என்றேன். தலையை ஆட்டினாள், அதை எப்போதோ சந்தேகித்தவள் மாதிரி. குளிப்பாட்டியது பொய் என்றேன். கத்தி நின்றது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொகம்?"

"பாக்கலம்மா. யாரும் பாக்கல."

உரித்து முடித்தாள். எல்லாவற்றையும் கழுவினாள். பிறகு, "அந்தக் கோட்டத் திருப்பித் தரச் சொல்லு. குளிப்பாட்டினவனுக்குத்தான் குடுத்தோம்" என்றாள். அப்போதிருந்து கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று முழுவதும், இன்றும். அழவில்லை. அன்று கூடாரத்தில் பெண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள்.

அவள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். செய்வதும் செய்யாததும் உங்களுடையது. என் பங்குக்கு உங்களை மன்னிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். பதினைந்தாம் தேதி நான் வரமாட்டேன்.

சைக்கால்

பி.கு. கல்லறையைத் திறந்து பார்க்க இங்குள்ள மாவட்ட அலுவலகத்தில் மனு கேட்டார்கள். மனைவியின் கையெழுத்து வேண்டும். தாளை அம்மாவின் மடியில் வைத்தேன், படித்தாள், கையெழுத்துப் போட்டாள். இறந்தவர் அடக்கம் செய்யப்பட்டதை அறிந்த சாட்சி ஒருவர் வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் உங்கள் பெயரை எழுதி, இன்று மதியம் கொடுத்துவிட்டு வந்தேன்.